உப்புக் காற்று - 31: கொய்யாக் கவை

"ஆயா, உனக்கு உண்டிகோல் செய்யத் தெரியுமா?"

முழுப்பரீட்சை லீவுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த பேரன் கேட்டான். வயது பத்து. கேட்கும்போதும் கண் போனில்தான் இருந்தது. எட்டிப் பார்த்தேன். ஆங்ரி பேர்ட்ஸ். பின்லாந்துக்காரர்கள் 2009-ல் கொண்டுவந்த விளையாட்டு. திரையில் ஒரு கவை, அதில் ரப்பர். ரப்பரில் கல்லுக்குப் பதில் ஒரு சிவப்புப் பறவை உட்கார்ந்திருக்கிறது. இழுத்து விட்டால் அது பறந்து போய்ப் பன்றிகளின் கட்டடத்தை இடிக்கிறது. என் காலத்தில் பறவை எதிர்ப்பக்கம் இருந்தது.

"தெரியும்" என்றேன்.

அப்போதுதான் தலையைத் தூக்கினான். "நெஜமாவா? உனக்கா?"

அந்த 'உனக்கா' எனக்குப் பழக்கமானதுதான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே மரக்காணத்தில் என் அம்மா அதே சுருதியில் கேட்டிருக்கிறாள். "பொட்டப் புள்ளைக்கு எதுக்குடி உண்டிகோலு?"

உண்டிகோல் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. நீங்கள் கவட்டை என்பீர்கள், உண்டிவில் என்பீர்கள், கேட்டாபுல்ட் என்பீர்கள். இலங்கைச் சொந்தக்காரர்கள் இருந்தால் கெட்டப்போல் என்பார்கள். 'உண்டை' என்றால் உருண்டை. உண்டையை எய்கிற வில் உண்டைவில். அது அந்தக் காலத்தில் உண்மையாகவே வில்தான். நாணில் அம்புக்குப் பதில் களிமண் உருண்டையை வைத்து எய்வார்கள். கவண் வேறு. அது கயிற்றில் கல்லை வைத்துத் தலைக்கு மேல் சுழற்றி விடுவது. சங்கப் பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் கிளி ஓட்டக் கையில் வைத்திருப்பது அதைத்தான். பெண்கள் என்பதைக் கவனியுங்கள். என் அம்மா கவனிக்கவில்லை.

கவையில் ரப்பரைக் கட்டும் இந்த உண்டிகோலுக்கு அவ்வளவு வயது கிடையாது. வெயிலில் இளகி, குளிரில் விறைத்துக்கொண்டிருந்த ரப்பரைக் கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் காப்புரிமை வாங்கியது 1844-ல். இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி சுருங்கும் ரப்பர் அதற்குப் பிறகுதான் வீதிக்கு வந்தது. வாண்டுகள் எல்லா ஊரிலும் உடனே கவை தேடக் கிளம்பியிருப்பார்கள்.

நாங்களும் கிளம்பினோம். மூன்று நாள் மரம் பார்த்தோம்.

கடற்கரை ஊரில் கவை கிடைப்பது லேசல்ல. எங்கே திரும்பினாலும் சவுக்கு. அது நெட்டுக்குத்தலாக வளரும், கவை விடாது. பனையைச் சொல்லவே வேண்டாம். உப்பளத்து வரப்போரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மரம் இரும்பு மாதிரி, ஆனால் முள்ளைச் சீவுவதற்குள் கை கிழியும். முருங்கையில் கவை அழகாக இருக்கும், நம்பாதீர்கள், மடக்கென்று ஒடியும். வேம்பும் புளியும் நல்ல மரங்கள். என்ன, அவற்றின் இலைகள் தண்டில் மாறி மாறி வருவதால் கிளைகளும் அப்படியே பிரியும். ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் கவை கோணிக்கொள்ளும்.

கடைசியில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக் கொய்யாவிடம்தான் வந்து நின்றோம். என் அண்ணன் அந்தக் காலத்திலேயே "கொய்யாவ அடிச்சிக்க எதுவும் கெடையாது" என்பான். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. கொய்யா இலை எதிரெதிரே ஜோடியாக வரும். ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு. கொழுந்து முறிந்துபோனால் எதிரெதிர் மொட்டு இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் கிளம்பும். அதனால்தான் கவை தராசு மாதிரி சமமாக நிற்கிறது. மரமும் கெட்டி, பட்டை தானாக உரியும், கைக்கு வழுவழுப்பு.

கவையில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு கிளையும் ரொம்ப நெருக்கமாக, கூர்மையான 'வி' போல இருந்தால் வேண்டாம். நடுவில் பட்டை உள்ளே மடிந்து மாட்டிக்கொண்டிருக்கும், இழுக்கும்போது அங்கேதான் பிளக்கும். அகலமாக, அடி கொஞ்சம் வளைந்து, கால் பரப்பி நிற்கிற ஆள் மாதிரி இருப்பதைப் பாருங்கள். அந்தச் சந்தில் மர இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பலகையை அறுத்துக் கவை செய்தால் அந்தப் பின்னல் கிடைக்காது.

பெருவிரல் கனத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தோம். கைப்பிடிக்கு ஒரு பிடியும் நாலு விரலும், மேலே இரண்டு கொம்புக்கும் ஆறு விரல். எல்லாவற்றிலும் இரண்டு விரல் கூடவே விட்டு அறுத்தோம். பச்சை மரம் காயும்போது நுனிகள் முதலில் உலர்ந்து வெடிக்கும். அந்த வெடித்த பகுதியைப் பிறகு நறுக்கி எறிந்துவிடலாம். வெட்டுவாயில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினால் வெடிப்பு இன்னும் குறையும்.

"இப்போ அடிக்கலாமா?"

"மூணு வாரம் காயணும்டா."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மூன்று வாரம்! லீவே அவ்வளவுதான் மிச்சம். என் மகள் போனில், "மைக்ரோவேவ்ல வெச்சு எடும்மா" என்றாள். பச்சைக் கட்டையை அதில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் பிளக்கும் என்று சொல்லிவிட்டேன். கவையைப் பரணில், வெயில் படாத இடத்தில் வைத்தோம். சும்மா இருக்க வேண்டாமே என்று சமையலறை எடைத் தராசை அவனிடம் கொடுத்து, தினமும் காலையில் எடை போட்டு எழுதச் சொன்னேன். முதல் நாள் 112 கிராம். அப்புறம் 107, 103 என்று இறங்கியது. எடை இறங்குவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இடையில் ரப்பர் வேலை. எங்கள் காலத்தில் பழைய சைக்கிள் டியூப்தான். சைக்கிள் கடையில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்துக் கொடுத்தால் ஒரு முழம் கிடைக்கும். இப்போது கிடைக்கிற டியூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் சோம்பேறி. இழுத்து விட்டால் நிதானமாகத்தான் திரும்பும். பத்து வயதுப் பையனுக்கு அந்தச் சோம்பேறியே நல்லது என்பது என் கட்சி. மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சள் ரப்பர் குழாய் அசல் பால் ரப்பர். அதன் வேகம் விளையாட்டுக்கு ஆகாது. டியூப்பைப் பெருவிரல் அகலத்துக்கு, ஒன்றே கால் சாண் நீளத்துக்கு இரண்டு நாடாவாக வெட்டினேன். கத்தரிக்கோலை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வெட்ட வேண்டும். ஓரத்தில் சின்னப் பிசிறு இருந்தாலும் அங்கிருந்துதான் கிழியும். கல் வைக்கும் பட்டைக்கு, அவன் தாத்தாவின் பழைய தோல் செருப்பிலிருந்து நாலு விரல் நீளம், இரண்டு விரல் அகலம். இருபுறமும் துளை போட்டு, ரப்பரை நுழைத்து மடித்து, அதே டியூப்பில் வெட்டிய மெல்லிய நூலால் இறுக்கிக் கட்டினோம்.

அடுத்தது குண்டு. இங்கேதான் எங்கள் ஊர் மற்ற ஊர்களிலிருந்து வேறுபடும். உப்பளத்தில் கல் கிடையாது. குனிந்து தேடினாலும் களிமண், மணல், உப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலை போட்டபோது கொட்டிய ஜல்லியைப் பிள்ளைகள் புதையல் மாதிரி பொறுக்கியதாகச் சொல்வார்கள். நான் அதற்கு முந்தைய தலைமுறை. நாங்கள் மண் உருட்டினோம். உப்புப் பாத்தித் தரையின் மண்ணைத் தொட்டால் முதுகு பழுத்துவிடும். அது மாதக்கணக்கில் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய தரை. தொடாவிட்டாலும் நஷ்டமில்லை. உப்பு மண்ணில் செய்த உருண்டை ராத்திரி ஈரக்காற்றை உறிஞ்சி விடிவதற்குள் கொழகொழவென்று ஆகிவிடும். அதனால் ஏரி மண். கோலிக்குண்டு அளவு உருட்டி நிழலில் நாலு நாள் காயவைத்தோம். பேரன் அதையும் தராசில் வைத்தான். ஒன்று 5 கிராம்.

உருண்டை காய்ந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் அவனை உப்பளத்துக்குக் கூட்டிப்போனேன். சாலையின் இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக வெள்ளை. கால்கள் மட்டும் சிவப்பாக, நெடுங்கால் உள்ளான்கள் தண்ணீரில் நின்றன. அவன் கையில் உண்டிகோல் இல்லை. ஆனாலும் இடது கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, வலது கையைக் கன்னம்வரை இழுத்தான். டப் என்று வாயால் சத்தம் போட்டான்.

சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்ததை அங்கே வைத்துச் சொன்னேன்.

எனக்குப் பதினொரு வயது. தை மாதம். மழைக்காலம் முடிந்து பாத்திகளைச் சீர்செய்து அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்தார்கள். அப்பா கடைசிப் பாத்தியில் வேலையாக இருந்தார். தண்ணீர் ஓரமாகக் குட்டிக் குட்டிப் பறவைகள் ஒரு கூட்டம் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருந்தன. நான் குறிபார்க்கவே இல்லை, கூட்டத்தைப் பார்த்து விட்டேன். எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பி, வெள்ளையாக ஒரு திருப்பம் திரும்பி, அடுத்த பாத்தியில் போய் இறங்கின. ஒன்று மட்டும் எழும்பவில்லை.

எடுத்தபோது சூடாக இருந்தது. கால் கறுப்பு, குச்சி மாதிரி. நான் பயந்தது அதன் எடையைப் பார்த்துத்தான். கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அப்பா வந்தார். அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து, உப்பை நிதானிக்கிற மாதிரி ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தார். "ஒரு புடி உப்பு கூட இல்லியே" என்றார். வரப்பில் குழி பறித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான்.

அன்றோடு திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால் அடுத்த வாரமே ஓணான் அடிக்கப் போனேன். நிறுத்தியது அடுத்த வருஷம், வெயிலில் கிடந்து வெடித்துப்போன ரப்பர் இழுக்கும்போது அறுந்து என் இடது புருவத்தைக் கிழித்தபோது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் இந்தப் பத்தியை ஒற்றைக் கண்ணால் எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பறவையின் பெயரை வேலைக்குப் போன பிறகு ஒரு புத்தகத்தில் பார்த்தேன். கொசு உள்ளான். எடை சுமார் 25 கிராம். முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வட துருவத்தை ஒட்டிய தூந்திரப் பகுதிகளில். குளிர்காலத்துக்குத்தான் நம் கடற்கரைக்கு வருகிறது.

பேரன் போனை எடுத்து வரைபடத்தைத் திறந்தான். மரக்காணத்தில் விரல் வைத்து மேலே தள்ளினான். ஆந்திரா, இமயமலை, சீனா. தள்ளினான். கஜகஸ்தான். இன்னும் தள்ளினான். ரஷ்யாவின் உச்சியில் வெள்ளையும் நீலமுமாக வந்த இடத்தில் நிறுத்தினான்.

"இங்கேருந்தா?"

"அந்தப் பக்கம்தான்."

"மத்ததெல்லாம் இப்போ எங்க இருக்கும்?"

"மே மாசமாச்சே. கெளம்பியிருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் தராசை எடுத்தான். களிமண் உருண்டைகளை ஒவ்வொன்றாக வைத்தான். ஐந்தாவது உருண்டைக்கு 25 கிராம் காட்டியது. ஐந்தையும் உள்ளங்கையில் வாரி, என் அப்பா செய்த மாதிரியே ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தான்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு கூனி கதை கேட்டான். கைகேயிக்கு மந்தரை ஏன் தூபம் போட்டாள் என்பதற்குக் கம்பர் சொல்லும் காரணங்களில் ஒன்று இந்த உண்டைவில்தான். ராமன் சிறு பிள்ளையாக இருந்தபோது விளையாட்டாக அவள் கூனின் மேல் உண்டை எய்திருக்கிறான். ஆழ்வார் பாட்டிலும் இந்த விளையாட்டு வருகிறது. பட்டாபிஷேகச் செய்தி கேட்ட அன்று அவள் அதை நினைத்துக்கொள்கிறாள்.

"ராமர் சாரி சொன்னாரா?" என்றான் பேரன்.

சொன்ன மாதிரிதான். அவளிடம் இல்லை. கிஷ்கிந்தையில் சுக்ரீவனுக்கு முடிசூட்டிய பிறகு ராஜநீதி சொல்லும்போது, எளியவர்கள் என்று இகழ்ந்து யாருக்கும் நோவு செய்யாதே, நான் அப்படி ஒன்று செய்யப்போய்த்தான் கூனியால் இந்தத் துயரக் கடலில் விழுந்தேன் என்கிறான். கம்பர் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். "சுக்ரீவன்கிட்ட சொல்லி என்ன ஆயா பிரயோஜனம்?" என்றான்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. காயப்படுத்துவது, கூட்டையும் முட்டையையும் கலைப்பது எல்லாமே வேட்டைதான். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எங்கள் ஊரை ஒட்டிய கழுவெளி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இங்கே உண்டிகோலோடு பிள்ளையை வெளியே அனுப்புவது வினையை விலைக்கு வாங்குவது. சட்டத்துக்கு முன்பே இதைப் புரிந்துகொண்ட ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. வேடந்தாங்கல்காரர்கள் 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று கலெக்டரிடம் போய்ப் பறவைகளைக் காக்க உத்தரவு வாங்கியவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பத்தொன்பதாம் நாள் எடை 79 கிராமில் நின்றது. மறுநாளும் 79. மூன்றாம் நாளும் 79.

பரணிலிருந்து இறக்கினோம். நுனியை நறுக்கி, பட்டையை உரித்து, உப்புத்தாளால் தேய்த்தோம். கொம்புகளின் தலையிலிருந்து ஒரு விரல் கீழே சுற்றிலும் பள்ளம் எடுத்தேன். ரப்பர் நழுவாமல் இருக்க. தேங்காய் எண்ணெய் தடவியதும் கொய்யாக் கட்டை தேன் நிறத்துக்கு வந்தது. கட்டுகளை முடித்து அவன் கையில் கொடுத்தபோது அதை முகர்ந்து பார்த்தான். நானும் அந்த வயதில் முகர்ந்துதான் பார்த்தேன்.

கொல்லைப்புறத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில், கொடிக்கயிற்றில் நாலு கொட்டாங்கச்சியும் ஒரு பவுடர் டப்பாவும் தொங்கவிட்டோம். பின்னால் என் பழைய வாயில் புடவையைத் தளர்வாகக் கட்டினேன். விறைப்பாகக் கட்டினால் குண்டு திருப்பி அடிக்கும். தளர்வாக இருந்தால் புடவை வாங்கிக்கொண்டு காலடியில் போட்டுவிடும். நான் போட்ட நிபந்தனைகள்: பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது மட்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். குண்டு மண் மட்டும். கல்லோ கோலியோ இரும்போ கூடாது. ஒவ்வொரு தடவையும் முதலில் ரப்பரை லேசாக இழுத்து, ஓரத்தில் நரம்பு மாதிரி வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அன்று ஆட்டம் இல்லை. விளையாட்டு முடிந்ததும் உண்டிகோல் என் பீரோவுக்குப் போய்விடும். வெயிலில் போட்டு வைத்தால் ரப்பர் செத்துவிடும்.

முதல் பதினேழு உருண்டையும் புடவைக்கே போயின. பதினெட்டாவது டப்பாவில் பட்டு 'டங்' என்றது. உருண்டை பொடிப்பொடியாகத் தெறித்தது. அவன் போட்ட கூச்சலுக்கு எதிர்வீட்டு அம்மாவே எட்டிப் பார்த்தார். அப்புறம் நான் வாங்கினேன். ஐம்பது வருஷம் கழித்து. மூன்றாவது உருண்டையில் கொட்டாங்கச்சி ஆடியது. "ஆயா, செம" என்றான். அவன் வாயால் இதற்கு முன் நான் 'செம' வாங்கியது மீன் குழம்புக்கு மட்டும்.

ஐந்து நாள் அடித்தான். நூற்றுச் சொச்சம் உருண்டை. எல்லாம் மண்ணாகிக் கொல்லையிலேயே கிடக்கிறது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று உண்டிகோலை எடுத்துப் போகவில்லை. அபார்ட்மென்டில் எங்கே அடிப்பது என்று அவனே சொல்லிவிட்டான். கிளம்பும் முன் கிணற்றடிக்கு வந்தான். பென்சில் கனத்தில் நேராகப் போய்க்கொண்டிருந்த ஒரு கிளையைக் காட்டினேன். அதன் கொழுந்தை ஒரு ஜோடி இலைக்கு மேலே நகத்தால் கிள்ளச் சொன்னேன். கிள்ளினான். அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினான்.

இரண்டு மொட்டும் கிளம்பிவிட்டன. பெருவிரல் கனத்துக்கு வர இரண்டு வருஷமாவது ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாட்ஸ்அப்பில் கேட்கிறான், ரெண்டும் ஒரே அளவா இருக்கா ஆயா என்று. நானும் ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நேற்று இடது பக்கம் நாலு சென்டிமீட்டர், வலது பக்கம் மூன்றரை.